கொத்துச் சத்தமும் நள்ளிரவு லைசென்ஸும்: லண்டனில் ஒரு தமிழ் உணவகத்தின் விண்ணப்பம்

பின்னணி

லண்டனின் வெளிப்பகுதியில் ஒரு கடைத்தெரு. அதில் ஐம்பது பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஓர் இலங்கைத் தமிழ் உணவகம். மேலே இரண்டு மாடி ஃப்ளாட்கள், பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் ஒழுங்கை, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகளின் பின்தோட்டங்கள். முன்பு அந்த இடத்தில் பகலில் மட்டும் இயங்கிய கஃபே ஒன்று இருந்தது. அதற்கு மது லைசென்ஸ் இருந்ததே இல்லை. உணவகத்தை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். குசினி அண்ணையின் பொறுப்பு, முன்பக்கமும் கணக்கும் அக்காவின் பொறுப்பு. நான் கணக்கு வேலை பார்ப்பவன், கடைகளுக்கு லைசென்ஸ் விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பேன், அந்த வகையில்தான் இந்த அலுவல் என்னிடம் வந்தது.

லைசென்ஸ் இல்லாத காலத்தில் அங்கே சனம் தாங்களே போத்தல் கொண்டுவந்து குடித்தார்கள். இங்கிலாந்தில் அதற்குத் தடை இல்லை, கடை மதுவை விற்காதவரை 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் அதில் தலையிடாது. வெளியில் இருந்து பார்க்க இது இலவச ஏற்பாடு போலத் தெரியும், ஆனால் மேசையில் முழு விஸ்கி போத்தல் வந்து உட்கார்ந்தால் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது கடைக்காரர் கையில் இல்லை, பில்லிலும் ஒரு சதம் ஏறாது, சண்டை வந்தால் மட்டும் கடையின் பெயர் கெடும். வெள்ளி, சனி இரவுகளில் இது அக்காவுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. அதனால்தான் லைசென்ஸ் எடுப்போம் என்று முடிவு செய்தார்கள்.

கேட்கப்பட்டது என்ன

அவர்கள் முதலில் கேட்க விரும்பிய நேரம் இது: ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு வரைக்கும் மது, வெள்ளி சனியில் அதிகாலை 1 மணி வரைக்கும் மது, 1:30 வரை சூடான சாப்பாடு. இந்தக் கடைசி விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை பொதுமக்களுக்குச் சூடான உணவோ சூடான பானமோ விற்பதற்கே லைசென்ஸ் வேண்டும், மது இருக்கிறதோ இல்லையோ. 11:15க்கு ஒரு பிளேன்டீ விற்றாலும் அதற்குள் அடங்கும். "தேத்தண்ணிக்குமா?" என்று அண்ணை இரண்டு தரம் கேட்டார்.

நேரத்தைக் குறைத்துக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணையின் கணக்கு வேறு: கூடக் கேட்டு வைப்போம், அவர்கள் வெட்டட்டும், மிஞ்சியது எங்களுக்கு. சந்தையில் மீன் வாங்கும்போது இந்தக் கணக்கு வேலை செய்யும். லைசென்ஸ் விண்ணப்பத்தில் அது எப்படிப் போகிறது என்றால், கேட்ட நேரம் அப்படியே நீலத் தாளில் அச்சாகிக் கடை வாசலில் ஒட்டப்படுகிறது, அதைப் படிப்பது கவுன்சில் அதிகாரி மட்டுமல்ல, மேல் வீட்டில் படுப்பவரும்தான். அவர் பேரம் பேச வருவதில்லை, ஆட்சேபக் கடிதம் எழுதுகிறார். ஆனால் கடை அவர்களுடையது, பணமும் அவர்களுடையது, அவர்கள் சொன்ன நேரத்தையே எழுதினேன்.

தாள் வேலைகள்

கடையின் ரேட்டபிள் மதிப்பு, அதாவது வணிக வரிக்காகக் கட்டடத்துக்குப் போடும் மதிப்பு, இரண்டாவது படியில் இருந்ததால் விண்ணப்பக் கட்டணம் 190 பவுண்ட், கிடைத்த பிறகு வருடத்துக்கு 180. 2005இல் வைத்த கட்டணங்கள் இவை. மது விற்கும் கடைக்கு ஒரு பொறுப்பாளரைக் காட்ட வேண்டும், அவரிடம் தனிநபர் லைசென்ஸ் இருக்க வேண்டும். அக்கா ஒருநாள் வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதினார், குற்றப் பதிவுச் சான்றிதழ் எடுத்தார், தான் வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு 37 பவுண்ட் கட்டி விண்ணப்பித்தார். இதில் சிக்கல் எதுவும் வரவில்லை.

சிக்கல் வந்தது பிளானிங் பக்கத்தில், அதாவது கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்று கவுன்சில் கொடுக்கும் அனுமதியில். பழைய கஃபேக்குக் கொடுத்த பிளானிங் அனுமதியில், இரவு 11 மணிக்கு மேல் வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை கிடந்தது. கடையைக் குத்தகைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிளானிங்கும் லைசென்சிங்கும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் தனித்தனிச் சட்டங்களின்படி நடப்பவை, ஒன்றில் கிடைத்தது மற்றதைக் கட்டாது, இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் முந்திய நேரத்துக்குக் கடையைப் பூட்ட வேண்டியதுதான். எனவே அந்த நிபந்தனையை மாற்றக் கேட்டு ஒரு பிளானிங் விண்ணப்பமும் சேர்த்துப் போட்டோம். லைசென்ஸ் முடிவுக்காகக் காத்திருந்து பிறகு போடலாம் என்று ஒரு யோசனை இருந்தது, நேரம் வீணாகும் என்பதால் விட்டுவிட்டோம்.

அப்புறம் நீலத் தாள். வெளிர் நீல நிறம், ஏ4 அளவு, 16 புள்ளிக்குக் குறையாத எழுத்து, வெளியில் நின்று படிக்கக்கூடிய இடத்தில் 28 நாள் விடாமல் ஒட்டியிருக்க வேண்டும், அதோடு உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரமும். அக்கா சரியாகத்தான் ஒட்டினார். நடுவில் கடையில் வேலை செய்யும் ஒரு பையன் பொங்கல் விருந்துக்கான போஸ்டரை அதன் மேலேயே ஒட்டிவிட்டான். கவுன்சில் ஆள் வந்து பார்த்த அன்று கண்ணாடியில் கரும்பும் பானையும்தான் தெரிந்தன. 28 நாளும் முதலிலிருந்து எண்ணப்பட்டது. அண்ணைக்கு வந்த கோபம் சொல்லி மாளாது, ஆனால் அந்த விதியில் வளைவே இல்லை, நோட்டீஸ் சரியாக நிற்கவில்லை என்றால் பிறகு கிடைக்கும் லைசென்ஸையே யாராவது கேள்வி கேட்கலாம்.

பொலிஸ் கேட்டதும் நாங்கள் ஒத்துக்கொண்டதும்

பொலிஸ் லைசென்சிங் அதிகாரி ஆரம்பத்திலேயே கடைக்கு வந்து பார்த்தார். கேட்டவை வழக்கமானவை: சிசிடிவி பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும், மது மறுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும், மேசையில் இருந்து சாப்பிடுகிறவருக்கு மட்டும் மது. கடைசி நிபந்தனையில்தான் கொஞ்சம் இழுபறி. எங்கள் ஆட்கள் பியரோடு கேட்பது டெவில்ட் இறால், ஆட்டிறைச்சிப் பொரியல், ரோல்ஸ் போன்ற பைட்ஸ். இதெல்லாம் சாப்பாடா, தவறணையில் கொறிப்பதா என்று அதிகாரி மெனுவை விரலால் தட்டிக் கேட்டார். நியாயமான கேள்வி. பைட்ஸ் மட்டும் எடுக்கும் மேசைக்கு மது இல்லை, கொத்து ரொட்டியோ சோறோ இடியப்பமோ தோசையோ ஒன்றாவது சேர வேண்டும் என்று முடிவானது.

இன்னொன்றையும் நாங்களாகவே எழுதிக் கொடுத்தோம்: லைசென்ஸ் வந்த நாளிலிருந்து வெளிப் போத்தலுக்கு அனுமதி இல்லை. விண்ணப்பத்தில் இருந்த வலுவான வரி அதுதான் என்று நினைக்கிறேன். லைசென்ஸ் உள்ள கடையில் விஸ்கியை 25 அல்லது 35 மில்லி லீட்டர் அளந்துதான் ஊற்ற வேண்டும், போதும் என்று சொல்ல ஒரு ஆள் நடுவில் நிற்கிறார், மறுத்தால் அது புத்தகத்தில் இருக்கிறது. போத்தல் கொண்டுவரும் முறையில் இவை எதுவும் இல்லை. பொலிஸ் தரப்பில் எதிர்ப்பு வரவில்லை.

எதிர்ப்புகள்

வந்தது சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிலிருந்தும், அயலவர் ஆறு வீட்டாரிடமிருந்தும். அண்ணை கடிதங்களைப் பார்த்துவிட்டு, "எங்களைப் பிடிக்கவில்லை, வேறொன்றும் இல்லை" என்றார். ஒன்றிரண்டில் அந்த வாடை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அப்படியான கடிதங்களுக்குச் சட்டத்தில் எடை கிடையாது. குற்றமும் ஒழுங்கீனமும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுத்தல், சிறுவர் பாதுகாப்பு ஆகிய நான்கு நோக்கங்களில் ஒன்றையாவது தொட்டால்தான் எதிர்ப்பு கணக்கில் வரும். 'இந்தத் தெருவில் மது விற்கும் கடை ஏற்கெனவே போதும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தேவை இருக்கிறதா இல்லையா என்பது கவுன்சில் பார்க்கிற விஷயமே இல்லை, லைசென்ஸ் உள்ள கடைகள் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் குவிந்த வலயமாக அந்தப் பகுதியைக் கவுன்சில் அறிவித்திருந்தால் கதை வேறு, இங்கே அப்படி அறிவிக்கப்படவில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டு மற்றக் கடிதங்களை வரிக்கு வரி படித்தபோது மூன்று முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப வந்தன. இரவு பத்தரைக்குப் பிறகு ஒழுங்கையில் கண்ணாடிப் போத்தல் கொட்டும் சத்தம். சாப்பிட்டு முடித்தவர்கள் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கதைப்பது. மூன்றாவதை மேல் ஃப்ளாட்டில் இருந்த வயதான பெண் எழுதியிருந்தார்: இரவில் யாரோ சுவரை இரும்பால் அடிப்பது போல ஒரு சத்தம் வருகிறது, அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

எங்களுக்கு உடனே விளங்கியது. கொத்து.

மேல் வீட்டில் கேட்டது

அக்கா அந்த அம்மாவிடம் போய்க் கதைத்தார், ஒரு வெள்ளிக்கிழமை இரவு தன் படுக்கையறையில் வந்து நின்று கேட்க அவர் சம்மதித்தார். சுகாதாரப் பிரிவு அதிகாரியும் வேறொரு நாள் அளவுக் கருவியோடு வந்தார். கடைக்குள் நிற்கும்போது கொத்துச் சத்தம் காற்றில் வருகிற சத்தமாகத்தான் தெரியும், யன்னலைப் பூட்டினால் சரி என்று தோன்றும். உண்மையில் இரும்புத் தட்டு நின்ற ஸ்டாண்ட் பக்கச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. ஒவ்வொரு அடியும் சுவர் வழியாக ஏறி மேலே படுக்கையறையில் இறங்கியது. யன்னல் பூட்டி எந்தப் பயனும் இல்லை. டிவி சத்தம் மாதிரிச் சீராக வந்தால் காது பழகிவிடும், இது திடீர் திடீரென்று விட்டு விட்டு வரும் அடி, நித்திரையைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த இடத்தில்தான் அலுவல் மாறியது. அதுவரை நாங்கள் மதுவைப் பற்றித்தான் வாதம் தயாரித்துக்கொண்டிருந்தோம், எதிர்ப்போ பெரும்பாலும் மதுவைப் பற்றியதே இல்லை. கடை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த சத்தம் இன்னும் இரண்டரை மணி நேரம் நீளப்போகிறது என்ற பயம் அது.

எடுத்த முடிவுகள்

ஸ்டாண்டைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் தனியாக நிறுத்தி, கால்களுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்தார்கள். மேலே கேட்ட சத்தம் நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. ஆகவே இரவு 10:30க்குப் பிறகு கொத்து அடிப்பதில்லை என்று நிபந்தனையாகவே எழுதிக் கொடுக்கலாம் என்றேன். அண்ணைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் சனம் ஓடர் கொடுக்கிறது, சத்தமில்லாமல் செய்தால் அது கிண்டின ரொட்டி என்றார். அதில் உண்மை இருக்கிறது, அந்தத் தாளம் பாதி விளம்பரம். கடைசியில் அக்கா பில் இயந்திரத்தின் பழைய பதிவுகளை எடுத்துக் காட்டினார். கிழமை நாட்களில் பத்தரைக்குப் பிறகு அநேகமாக எந்த ஓடரும் இல்லை. வெள்ளி, சனியில் இருந்தது, அதிலும் கொத்து கொஞ்சம்தான், மற்றதெல்லாம் தோசையும் ஃப்ரைட் ரைசும் தேத்தண்ணியும். அதற்குப் பிறகு அண்ணை ஒன்றும் சொல்லவில்லை.

அதே பதிவுகளை வைத்தே நேரத்தையும் குறைத்தோம். ஞாயிறு முதல் வியாழன் வரை மது 10:30 வரை, கடை 11க்குப் பூட்டு, ஆகவே அந்த நாட்களுக்கு இரவுச் சாப்பாட்டு லைசென்ஸே வேண்டாம். வெள்ளி சனியில் மது 11:30 வரை, சாப்பாடும் பூட்டும் 12 மணிக்கு. போத்தல்களை இரவு 9 முதல் காலை 8 வரை வெளியே கொட்டுவதில்லை, பத்து மணிக்குப் பிறகு வாசலில் புகைப்பவர்கள் நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது, கடைசி ஒரு மணி நேரம் வாசலில் ஒரு ஆள், அயலவருக்கு அக்காவின் நேரடித் தொலைபேசி எண்.

சுகாதாரப் பிரிவு இந்த மாற்றங்களின் பேரில் எதிர்ப்பை வாபஸ் வாங்கியது. மேல் வீட்டு அம்மாவும் இன்னும் இரண்டு வீட்டாரும் வாபஸ் வாங்கினார்கள். மூன்று வீட்டார் விடவில்லை, அதனால் விசாரணை தவிர்க்க முடியாததாயிற்று.

விசாரணை

மூன்று கவுன்சிலர்கள், ஒரு சட்ட ஆலோசகர், இரண்டு தரப்புக்கும் சமமான நேரம். நீதிமன்றம் போல இறுக்கமாக இருக்காது, ஆனால் கேள்விகள் கூர்மையாக வரும். ஒரு கவுன்சிலர் கேட்டார்: நாற்பது பேர் பிறந்தநாள் கொண்டாட்டம் முடித்து ஒரே நேரத்தில் நடுச்சாமத்தில் வெளியே வந்தால் என்ன செய்வீர்கள்? அண்ணை முந்திக்கொண்டு, நாங்கள் பார்ட்டி எடுப்பதில்லை என்றார். எதிர்த்தரப்பில் இருந்தவர் ஒரு தாளை நீட்டினார். கடையின் முகநூல் பக்கத்து விளம்பரம்: பிறந்தநாள், சாமத்திய வீடு, டிஜே வசதியுடன்.

அறை கொஞ்ச நேரம் சங்கடமாக இருந்தது. அக்காதான் நிலைமையை மீட்டார். ஆம், பார்ட்டி எடுத்திருக்கிறோம், இனியும் எடுப்போம், ஆனால் அவற்றைப் பத்தரைக்குள் முடிக்கிறோம், முன்பதிவுப் படிவத்தில் அதை எழுதுகிறோம் என்று நேராகச் சொன்னார். டிஜே பற்றி ஒரு நிபந்தனை போடலாமா என்று கவுன்சிலர்கள் ஆலோசகரிடம் கேட்டார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மது லைசென்ஸ் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு இசை வைப்பது கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது, லைசென்ஸில் இசைக்கு நிபந்தனை எழுதினாலும் அந்த நேரத்தில் அது செல்லாது, பின்னால் யாராவது மறுபரிசீலனை கேட்டு அதில் முடிவானால்தான் செல்லும். ஆகவே டிஜே விஷயம் கடை கொடுத்த வாக்காக மட்டும் பதிவானது.

ஐந்து வேலை நாளுக்குள் முடிவு எழுத்தில் வந்தது. குறைத்துக் கேட்ட நேரம் அப்படியே கிடைத்தது, நாங்கள் கொடுத்த நிபந்தனைகளோடு. விசாரணைக்கு முன் அயலவருடன் பேசித் திருத்தியதும், வெளிப் போத்தலை நிறுத்துவதும் சாதகமாகக் கணக்கில் எடுக்கப்பட்டதாகக் காரணங்களில் எழுதியிருந்தார்கள்.

பிறகு நடந்தது

சில கிழமை கழித்துப் பிளானிங் முடிவு வந்தது. வெள்ளி சனியில் 11:30 வரை, அதுவும் ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக. லைசென்ஸ் 12 என்கிறது, பிளானிங் 11:30 என்கிறது, ஆகவே கடை 11:30க்குப் பூட்டுகிறது. சனத்துக்கு எழும்பிப் போக அவகாசம் வேண்டும் என்பதால் மதுவையும் 11 மணிக்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆறு வீட்டு எதிர்ப்பு, விசாரணை, ஸ்டாண்ட் மாற்றிய செலவு எல்லாவற்றுக்கும் பிறகு 11 மணிக்கு மேல் கிடைத்தது கிழமைக்கு இரண்டு அரைமணி நேரம். அண்ணை இதைப் பிளானிங் தந்த பரிசு என்று சொல்லித் திரிகிறார்.

மது விற்பனை நன்றாகப் போகிறது, அதன் பெரும்பகுதி ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில். வெள்ளி இரவுத் தகராறுகள் குறைந்துவிட்டன என்று அக்கா சொல்கிறார், மறுத்த புத்தகத்தில் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன, பெரும்பாலும் அடையாள அட்டை இல்லாத இளையவர்கள், சிலர் போதையில் வந்தவர்கள். அயலவர் எண்ணுக்கு அழைப்பு வந்திருக்கிறது, கார் ஹோர்ன் பற்றி. வாசலில் நிற்கும் ஆளை அதன் பிறகு கார்கள் நிற்கும் மூலை வரைக்கும் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

மாற்றிச் செய்யக்கூடியவை

மதுவையும் இரவு நேரத்தையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டக்கூடாது, இந்தக் கடையைப் பொறுத்தவரை. செல்லுபடியாகும் எதிர்ப்பு எதுவும் வராவிட்டால் கவுன்சில் லைசென்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும், அங்கே விசாரணையே கிடையாது. 10:30 வரை மது, 11க்குப் பூட்டு என்று மட்டும் கேட்டிருந்தால் ஓரிரு கடிதம் வந்திருக்கலாம், பேசித் தீர்த்திருக்கலாம். வருமானத்தில் பெரும்பங்கு அந்த நேரத்துக்குள்தான் இருக்கிறது. இரவு நேரத்தை ஒரு வருடம் ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகு தனியாகக் கேட்கலாம்.

விண்ணப்பத்துக்கு முன்னால் சில சனிக்கிழமைகளில் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் போட்டுப் பார்த்திருக்கலாம், முழு லைசென்ஸ் இல்லாமலே சில நாள் மட்டும் மது விற்க விடும் ஏற்பாடு அது. ஒன்றுக்கு 21 பவுண்ட், பத்து வேலை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், பொலிஸும் சுகாதாரப் பிரிவும் மட்டுமே ஆட்சேபிக்கலாம். 11 மணிக்குள் பூட்டினால் பிளானிங்கும் இடிக்காது. மதுவை அளந்து விற்கும்போது கடை எப்படி நடக்கிறது என்று சொல்லக் கையில் ஆதாரம் இருந்திருக்கும்.

பிளானிங் பதிவேட்டைக் குத்தகை எழுதும் முன் பார்க்க வேண்டும், கவுன்சில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீலத் தாளைத் தினமும் காலையில் தேதி தெரிய ஒரு படம் எடுத்து வைக்கலாம். முகநூல் பக்கத்தை விண்ணப்பத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும், எதிர்ப்பவர்கள் முதலில் தேடுவது அங்கேதான்.

தற்காலிகப் பிளானிங் அனுமதி முடிவதற்கு முன் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். 11:30 நிரந்தரமாக்கப்பட்டால் போதும் என்று அக்கா முடிவு செய்திருக்கிறார். அண்ணை இன்னும் 12 மணி கேட்கச் சொல்கிறார்.